சேலத்து வக்கீல் போன வழி

திங்கள், தொரப்பள்ளி

ஓசூரைத் தாண்டியும் தொழிற்சாலைச் சுவர்கள் விடாமல் கூடவே வருகின்றன. அவை முடிந்ததும் ரோஜா வளர்க்கும் பசுமைக் குடில்கள். அதற்கும் பிறகுதான் கிராமம் தென்படுகிறது. தொரப்பள்ளியின் முன்சீப் சக்கரவர்த்தி வெங்கடார்ய ஐயங்காருக்கு 1878 டிசம்பர் 10 அன்று மூன்றாவது மகன் பிறந்தான், பின்னாளில் ராஜாஜி என்று பெயர் பெற்ற ராஜகோபாலாச்சாரி. அந்த வீடு இன்று அரசின் நினைவு இல்லம். உள்ளே சுவர் முழுக்கப் புகைப்படங்கள். மவுண்ட்பேட்டனோடு ஒன்று, நேருவோடு ஒன்று, காந்தியோடு பல.

எந்தப் படத்திலும் கறுப்பு அங்கி இல்லை. நான் தேடி வந்தது அதைத்தான்.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீல். ராஜாஜியைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அவருடைய வக்கீல் தொழிலை இரண்டு பத்திகளில் கடந்துவிடுகிறார்கள். 1900இல் சேலத்தில் தொழில் தொடங்கினார், நன்றாகச் சம்பாதித்தார், காந்தி அழைத்தார், தொழிலை விட்டார். அவ்வளவுதான். ஒரு மனிதர் 20 ஆண்டுகள் நாள்தோறும் எழுந்து நின்று வாதாடியிருக்கிறார். அந்தப் பழக்கம் அங்கியோடு சேர்ந்து கழன்றுவிடுமா? கட்சி மாறியபோதும் பதவி துறந்தபோதும் ஊரே எதிர்த்து நின்றபோதும் அந்த வக்கீல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார் என்பது என் எண்ணம். கோடை விடுமுறை விட்டதும் அவர் வாழ்ந்த ஊர்களை ஒருமுறை பார்த்துவரலாம் என்று கிளம்பிவிட்டேன்.

உடன் வருபவர் எங்கள் அலுவலகத்தின் பழைய குமாஸ்தா. என் சீனியரிடம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். வக்காலத்துத் தாளில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு எங்கே ஒட்டுவது என்பதிலிருந்து எந்த நீதிபதியிடம் எத்தனை நிமிடம் பேசலாம் என்பது வரை எனக்குக் கற்றுக்கொடுத்தவர். வயது எண்பதை நெருங்குகிறது. ஓமலூர்ப் பக்கத்துக்காரர். "ராஜாஜி ஊருக்கா? நானும் வருகிறேன் அம்மா. அவரிடம் எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது" என்றார். என்ன கணக்கு என்று கேட்டால் சிரிக்கிறார்.

நினைவு இல்லத்தில் அவர் அதிக நேரம் நின்றது தந்தையின் உத்தியோகத்தைச் சொல்லும் வரியின் முன்னால். "முன்சீப் என்றால் கோர்ட் முன்சீப் இல்லை அம்மா, கிராம முன்சீப். வரி வசூல், சின்னச் சின்னப் பஞ்சாயத்து, ஊரில் நடப்பதைத் தாலுகாவுக்கு எழுதுவது எல்லாம் அவர் வேலை" என்றார். வழக்கும் வாய்தாவும் புழங்கிய வீடு அது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று இந்தப் பகுதி முழுவதும் சேலம் மாவட்டம். பையன் ஓசூரில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குப் போய், பிறகு சென்னையில் சட்டம் முடித்தான். சென்னையில் தங்காமல் சொந்த மாவட்டத்தின் தலைநகருக்கே திரும்பினான்.

செவ்வாய், சேலம்

தொப்பூர் கணவாயில் லாரிகள் ஊர்ந்தன. சேலம் வந்து சேர மதியம் ஆகிவிட்டது.

ராஜாஜி இங்கே வந்தபோது சேலத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய வக்கீல் இருந்தார். சேலம் விஜயராகவாச்சாரியார். 1882இல் சேலத்தில் நடந்த கலவரத்தைத் தூண்டினார் என்று அவருக்கே பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போய் விடுதலை பெற்றுத் திரும்பினார். பிற்காலத்தில், 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட ஒரு வக்கீல், சட்டத்தைக் கொண்டே சர்க்காரை மடக்கிய ஊர் இது. இளம் ராஜகோபாலாச்சாரி கண்ணெதிரே பார்த்த சீனியர் அப்படிப்பட்டவர். இந்த ஒரு செய்தியை வைத்தே அவருடைய பாதியை விளக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சேலத்தில் அவருக்குத் தொழில் கொழித்தது, குறிப்பாகக் கிரிமினல் வழக்குகளில். அதிகம் பேசாதவர், குரலை உயர்த்தாதவர், குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வியால் சாட்சியை உடைப்பவர் என்று பெயர். அவர் நடத்திய வழக்குகளில் அரசியல் கலந்த ஒன்று 1918இல் வந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு மீது சர்க்கார் போட்ட ராஜத்துரோக வழக்கில், அவருக்காக ராஜாஜி வாதாடினார்.

சேலத்திலிருக்கும்போதே மனைவி அலமேலு மங்கம்மாளை இழந்தார். ஐந்து பிள்ளைகள். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். இரண்டு ஆண்டுகள். எல்லோரும் கவர்னர் ஜெனரல் பதவியைப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அவர் வகித்த பதவிகளில் இதுதான் கூர்ந்து பார்க்கவேண்டியது. அக்ரஹாரத்துக்குக் குடிநீர் விடும் குழாயைத் திறந்து மூடுகிற வேலைக்கு ஒரு தலித் ஊழியரை நியமித்தார். அக்ரஹாரம் கொதித்தது. குழாயைத் திறக்கும் கை யாருடையது என்பதை வைத்துத் தண்ணீருக்குத் தீட்டுப் பார்த்த காலம். தலைவரோ அதே சமூகத்தைச் சேர்ந்த ஐயங்கார். அவர் பின்வாங்கவில்லை. கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்யவில்லை, யாரையும் திட்டவுமில்லை. குழாய் நகராட்சியினுடையது, ஊழியர் நகராட்சி ஊழியர், தண்ணீர் வேண்டுமென்றால் பிடித்துக்கொள்ளலாம். வழக்கை அதன் பாயிண்டுக்குச் சுருக்குவது என்பது இதுதான்.

மாலையில் நீதிமன்றப் பக்கம் போனோம். விடுமுறைக் கால அமர்வு மட்டும் நடந்துகொண்டிருந்தது. குமாஸ்தா ஐயாவுக்கு இங்கே தெரிந்தவர்கள் உண்டு. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பழைய குமாஸ்தாக்கள் இருவரோடு பேசினார். அவர்களில் ஒருவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்: "நல்ல வக்கீல் ஜட்ஜைப் பார்த்துப் பேசுவார். சுமார் வக்கீல் கட்சிக்காரனைப் பார்த்துப் பேசுவார். கோர்ட் ஹாலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறவர் எலெக்‌ஷனில் நிற்கப்போகிறார் என்று அர்த்தம்."

இரவு முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜாஜி கடைசிவரை ஜட்ஜைப் பார்த்தே பேசினார். அரசியலில் ஜட்ஜ் யார்? அவர் யாரை ஜட்ஜாக நினைத்திருப்பார்? மனசாட்சியையா, வரலாற்றையா? வாக்குச்சாவடியில் நிற்கும் ஆளை அவர் ஜட்ஜாக நினைத்ததே இல்லை என்று நான் சொல்வேன். 1952இல் முதலமைச்சரானபோதும் தேர்தலில் நிற்கவில்லை. மேல்சபைக்குக் கவர்னரால் நியமிக்கப்பட்டு அந்த நாற்காலிக்கு வந்தார். சட்டப்படி அதற்கு இடமிருந்தது. வக்கீலுக்கு அது போதும். ஜனநாயகத்துக்குப் போதாது.

புதன், புதுப்பாளையம்

திருச்செங்கோட்டுச் சாலையில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுகிற வண்டிகள். ஊருக்கு மேலே அர்த்தநாரீசுவரர் மலை. நாங்கள் போகவேண்டியது புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துக்கு.

1925 பிப்ரவரி 6 அன்று தொடங்கப்பட்டது. நிலம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். திறந்துவைத்தவர் ஈ.வெ. ராமசாமி. இன்றைக்கு ராஜாஜி, பெரியார் ஈ.வெ.ரா. என்ற இரண்டு பெயர்களையும் ஒரே கல்வெட்டில் நினைத்துப் பார்க்கவே பலருக்குச் சிரமமாக இருக்கும். ஈரோட்டு வணிகரும் சேலத்து வக்கீலும் அப்போது ஒரே காங்கிரசில், ஒரே கதர் வேலையில் இருந்தார்கள். கொள்கையில் எதிரெதிராகப் போன பிறகும் அவர்களுடைய நட்பு முறியவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டார்.

சேலத்தில் பெரிய வீடும் வருமானமும் இருந்தவர் இங்கே பிள்ளைகளோடு ஒரு சிறு வீட்டில் குடியேறினார். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் பஞ்சம். பெண்கள் ராட்டையில் நூல் நூற்றுக் கொண்டுவந்தால் கூலி. ஆசிரமவாசிகளில் தலித்துகளும் இருந்தார்கள், ஒரே சமையல், ஒரே பந்தி. ஊர்க்காரர்கள் முதலில் ஒதுக்கித்தான் வைத்தார்கள். கல்கி கிருஷ்ணமூர்த்தி இங்கே வந்து தங்கி, மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையை ராஜாஜியோடு சேர்ந்து நடத்தியதும் இந்த மண்ணில்தான்.

இந்த ஆசிரம நாட்களில் நடந்த ஒரு வழக்கைப் பற்றி எழுதாமல் என்னால் தூங்க முடியாது.

ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்று, நீதிமன்றத்தில் வாதாடுவதில்லை என்று ராஜாஜி விரதம் பூண்டு நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூர்க் கோயிலுக்குள் ஒரு பக்தர் போய்விட்டார். மாலா என்ற தலித் சமூகத்தைச் சேர்ந்தவர். தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றிச் சாமி கும்பிட்டிருக்கிறார். கும்பிட்டுத் திரும்பும்போது அவர் சாதி தெரிந்துவிட்டது. கோயிலை அசுத்தப்படுத்தி மதத்தை அவமதித்தார் என்று குற்றம் சாட்டி, கீழ்க்கோர்ட் தண்டித்துவிட்டது. மேல்முறையீட்டில் ராஜாஜி எழுந்து நின்றார். விரதத்தை விட்டுவிட்டு, கதர் உடையில்.

அந்தப் பிரிவை எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 295. வழிபாட்டு இடத்தை அசுத்தப்படுத்தினால் மட்டும் அந்தக் குற்றம் ஆகாது. மதத்தை அவமதிக்கும் நோக்கமோ, செய்வது அவமதிப்பாகக் கொள்ளப்படும் என்ற அறிவோ அவருக்கு இருந்தது என்று நிரூபிக்கவேண்டும். தேங்காயோடு வந்து கற்பூரம் ஏற்றிய மனிதருக்கு அவமதிக்கும் நோக்கம் எங்கிருந்து வரும்? அவர் விடுதலையானார். தீண்டாமை சரியா தவறா என்று கோர்ட் சொல்லவில்லை. தீர்ப்பு சட்ட நுணுக்கத்தில் நின்றுவிட்டது. காந்தி இதைத் தம் பத்திரிகையில் எழுதியபோதும் விடுதலைக்கு மகிழ்ந்தார், ஆனால் வென்றது நுணுக்கம்தான் என்பதையும் சொன்னார்.

எனக்கு அந்த நுணுக்கத்தின் மேல் மரியாதை அதிகம். ஒரு ஏழை பக்தர் சிறைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார். ஆனாலும் அந்த நுணுக்கம் ஒருவரைத்தான் காப்பாற்றும் என்பது ராஜாஜிக்கும் தெரிந்திருந்தது. 1939இல் அவர் முதன்மை அமைச்சராக இருந்தபோது மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்தினார். அதில் ஈடுபட்டவர்கள் மீது வழக்கு வராதபடி ராஜாஜி உடனே சட்டம் கொண்டுவந்தார். திருச்சானூரில் ஒருவருக்காகப் பேசியதைச் சட்டப் புத்தகத்தில் எல்லோருக்குமாக ஏற்றிவிட்டார்.

ஆசிரமத்துக் கதர்க் கடையில் ஐயா ஒரு வேட்டி வாங்கினார். விரலால் நெருடி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தை நாக்கில் தொட்டு, "கஞ்சி கொஞ்சம் அதிகம், இரண்டு வெளுப்பில் சரியாகிவிடும்" என்றார். துணியைப் பற்றி அவருக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

புங்கமரத்தடியில் உட்கார்ந்தபோது பேச்சு மதுவிலக்குக்கு வந்தது. 1937 ஜூலையில் பதவியேற்ற ராஜாஜி, அக்டோபர் 1 அன்று தம்முடைய சேலம் மாவட்டத்தில் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மாவட்டம் முழுக்கக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஒரே நாளில் மூடப்பட்டன.

"என் அப்பாயி சொல்லும். தாத்தா கூலியை வாங்கிக்கொண்டு நேராகக் கள்ளுக்கடைக்குப் போவார். கடை மூடின வருஷம்தான் எங்கள் வீட்டுக்குப் பித்தளை அண்டா வந்தது. அது வரைக்கும் மண் பானைதான். அந்த அண்டா இன்னும் என் தம்பி வீட்டில் இருக்கிறது அம்மா. அடியில் ஈயம் வைத்து அடைத்திருக்கும். அப்பாயி சாகிற வரைக்கும் அதற்கு ராஜாஜி அண்டா என்றுதான் பெயர்" என்றார்.

மதுவிலக்கால் வருமானம் போனது. அதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். வியாபாரிகள் கத்தினார்கள். இன்று மாநிலங்கள் அந்த வரியின் வழித்தோன்றல்களைக் கொண்டே காலம் தள்ளுகின்றன. வரி தங்கிவிட்டது, மதுவிலக்குப் போய்விட்டது.

வியாழன், திருச்சியிலிருந்து வேதாரண்யம்

இன்று நாள் முழுக்கக் கார். எழுத அதிகமில்லை.

திருச்சி கண்டோன்மெண்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து 1930 ஏப்ரல் 13 அன்று அதிகாலையில் உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் நடக்கத் தொடங்கினார்கள். பாதயாத்திரை தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ 150 மைல், ஒரு பதினைந்து நாள் நடை. நாமக்கல் கவிஞர் எழுதிக்கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டே போனார்கள். தலைவருக்கு அப்போது 51 வயது, ஆஸ்துமாவும் உண்டு. சித்திரை வெயில்.

தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் ஓர் அறிவிப்புப் போட்டார். யாத்திரைக்காரர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்கள் மீது வழக்குப் பாயும். சட்டவிரோதக் கூட்டத்துக்கு அடைக்கலம் கொடுப்பதாகச் சொல்லி, 157ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அடைக்கலம் கொடுத்தது யார்? புளியமரம். எந்த வக்கீலும் அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீடாமங்கலத்துக்கு அப்பால் காரை நிறுத்திச் சாலையோரப் புளியமரங்களைப் பார்த்தோம். பழைய மரங்கள் பல இடங்களில் சாலை அகலப்படுத்தியதில் போய்விட்டன. ஐயாவுக்கு இந்த மரச் சோறு மிகவும் பிடித்துவிட்டது. வேதாரண்யம் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வெள்ளி, அகத்தியம்பள்ளி

காலை எட்டு மணிக்கே உப்பளத்தில் கண் கூசுகிறது. பாத்திகளில் தண்ணீர் வற்றி, அடியில் உப்பு பூத்திருந்தது. ஓர் அம்மாள் மரப்பலகை கட்டிய நீண்ட கோலால் அதை மெல்ல இழுத்து வரப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார். வேகமாக இழுத்தால் அடிச்சேறு கலந்துவிடும், நிறம் போய்விடும், விலை போகாது என்றார். காலில் ரப்பர் காலுறை. அதற்கு மேலே முழங்கால் வரை தோல் வெடித்து வெளுத்திருந்தது. "கோடை மழை ஒன்று வந்தால் பத்து நாள் வேலை கரைந்துவிடும் தங்கச்சி" என்றார். வானத்தில் மேகமே இல்லை.

1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளியது இந்த அகத்தியம்பள்ளியில்தான். கைது செய்யப்பட்டு ஆறு மாதம் சிறைக்குப் போனார். நினைவுத் தூண் நிற்கிறது. யாத்திரைக்கு வேதாரண்யத்தில் எல்லாம் செய்து கொடுத்த வேதரத்தினம் பிள்ளையின் சொத்துகளைச் சர்க்கார் பறிமுதல் செய்தது. அவர் பின்னாளில் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தில் இன்றும் பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள்.

எங்கள் இருவரையும் அதிகம் நிறுத்திவைத்தது வைரப்பனின் கதை. வேதாரண்யத்து முடிதிருத்தும் தொழிலாளி. சத்தியாகிரகிகளை அடிக்கிற போலீசுக்கு இந்த ஊரில் யாரும் சவரம் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். சாதாரண உடையில் வந்த ஒருவருக்குப் பாதி சவரம் செய்த பிறகுதான் அவர் போலீஸ்காரர் என்று வைரப்பனுக்குத் தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதியையும் முடிக்கும்படி மாஜிஸ்திரேட் மிரட்டியபோதும் கத்தியைத் தொட மறுத்தார். ஆறு மாதம் சிறை.

நினைவிடத்தில் நிற்கும்போது ஐயா மெல்லச் சொன்னார்: "இவர் பிள்ளைக்கும் பேரனுக்கும் ராஜாஜி என்ன வைத்திருந்தார் தெரியுமா அம்மா?"

பாக்கிக் கணக்கு வெளியே வந்துவிட்டது.

1953. ராஜாஜி முதலமைச்சர். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாதி நேரம்தான் பாடம், மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று புதிய கல்வித் திட்டம். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிக்கே வராத காலம். கட்டடமும் இல்லை, வாத்தியாரும் இல்லை, பணமும் இல்லை. ஒரு வேளைக்கு ஒரு கூட்டம் என்று இரண்டு கூட்டமாகப் பிள்ளைகளை உட்காரவைத்தால், அதே வாத்தியாரை வைத்து இரு மடங்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ராஜாஜியின் வாதம் காகிதத்தில் அப்பழுக்கில்லாதது. சட்டசபையையும் கட்சியையும் முன்கூட்டிக் கேட்காமலே அமல்படுத்திவிட்டார். எதிர்ப்பாளர்கள் அதற்கு வைத்த பெயர்தான் நிலைத்தது: குலக்கல்வி.

"நான் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா ஊருக்கு வெளுக்கிறவர். மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பி நேராக ஏரிக்கரைக்குப் போகவேண்டும். தச்சர் பையன் உளி பிடிக்கலாம், அதில் ஒரு கௌரவம் உண்டு. நான் ஊர்த் தீட்டுத் துணியை உவர்மண்ணில் ஊறப்போட வேண்டும். கவுண்டர் வீட்டுப் பையன் என்னோடுதான் படித்தான். அவன் மதியம் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். அவன் வீட்டுத் துணியை வாங்க நான் அவன் வாசலில் நிற்பேன். காலையில் ஒரே பெஞ்சு, மத்தியானம் அவன் திண்ணையில், நான் வாசலில்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அடுத்த வருஷம் காமராஜர் வந்தார். திட்டத்தை எடுத்துவிட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தேன். டைப்பிங் கற்றேன். உங்கள் சீனியரிடம் சேர்ந்தேன்."

நான் வாதாடிப் பழகியவள். ராஜாஜி தரப்பில் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பண நெருக்கடி உண்மை. சேர்க்கையை அதிகமாக்கும் நோக்கமும் உண்மை. கை வேலையைக் கல்வியோடு சேர்ப்பது காந்தியும் சொன்னதுதான். ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிதான் அம்மா. ஆனால் துணி வெளுக்கிறவன் வீட்டில் அந்தப் பாதி நாள் என்னவாகும் என்று அவர் எங்கள் அப்பாவைக் கேட்டிருக்கலாமே?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. எந்த வக்கீலிடமும் இருக்காது. அக்ரஹாரத்துக் குழாயில் சாதியை எதிர்த்து நின்றவர், திருச்சானூர் பக்தருக்காக விரதத்தை விட்டவர், சாதி ஒரு பிள்ளையின் பிற்பகலுக்குள் எப்படி நுழையும் என்பதைக் காணத் தவறினார். கேஸ் கட்டில் எழுதியிருந்ததை அவரை விட நன்றாகப் படித்தவர் யாரும் இல்லை. கட்டில் எழுதப்படாத சாட்சியை அவர் கூப்பிடவில்லை. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோதும் இதே கதைதான். எதிர்த்துச் சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் காவலில் இறந்தார்கள். அவர் வாதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டையும் நான் மன்னிக்கப்போவதில்லை. குலக்கல்விக்காக 1954 ஏப்ரலில் பதவி போனது. தமிழகக் காங்கிரசில் பிராமணத் தலைமை என்ற ஒன்று அன்றோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

ஞாயிறு, சென்னை

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நேற்று இரவு வந்து சேர்ந்தோம்.

கதீட்ரல் சாலையில் ஒரு பெரிய ஓட்டலின் முன்னால் நினைவுக் கல் இருக்கிறது. நடைபாதையில் போகிறவர்கள் யாரும் நிற்பதில்லை. சேலத்தை விட்டு 1919இல் சென்னைக்குக் குடிவந்த ராஜாஜியின் வாடகை வீடு இருந்த இடம். அந்த மார்ச் மாதம் காந்தி இங்கேதான் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் ஒரு நாள் வேலைநிறுத்தம் என்ற எண்ணம் இங்கே தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையில் தமக்குத் தோன்றியதாகவும், காலையில் அதை ராஜாஜியிடம் சொன்னதாகவும் காந்தி சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சேலத்து வக்கீல் வீடு பிடித்த நேரம் அப்படி.

கிண்டியில் காந்தி மண்டப வளாகத்துக்குள் ராஜாஜிக்கு ஒரு நினைவாலயம், மகுட வடிவத்தில். அதே வளாகத்தில் காமராஜருக்கும் ஒன்று. ஐயா நேற்று வாங்கி வைத்திருந்த பூவை இரண்டாகப் பிரித்தார். ராஜாஜி நினைவாலயத்தில் வைக்கும்போது, "இது அப்பாயிக்காக" என்றார். காமராஜரிடம் எதுவும் சொல்லவில்லை. நெடுநேரம் நின்றார்.

அங்கே புல்தரையில் உட்கார்ந்திருந்தபோது அவரே 1971ஐ நினைவுபடுத்தினார். மதுவிலக்கைத் தி.மு.க. அரசு தளர்த்தப்போகிறது என்ற செய்தி வந்ததும், 92 வயது ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 1967இல், தம் சுதந்திராக் கட்சியைத் தி.மு.க.வோடு கூட்டணி சேர்த்து காங்கிரசை வீழ்த்த உதவியவர் அவர். அந்த உரிமையில்தான் போனார். ஆகஸ்ட் 30 அன்று மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 25 அன்று ராஜாஜி காலமானார்.

"கடைசிக் கேஸும் தோற்றுப்போச்சு" என்றார் ஐயா. தோற்கும் என்று தெரிந்த கேஸை எடுக்கிற வக்கீல்களின் மேல் அவருக்கு எப்போதுமே ஒரு தனிப் பிரியம் உண்டு. என் சீனியரும் அப்படித்தான்.

ஜூன் முதல் வாரம் கோர்ட் திறக்கிறது. அதற்குள் சித்தூர்ப் பக்கம் போய்த் திருச்சானூர் மேல்முறையீட்டுத் தீர்ப்பின் நகல் எங்காவது பதிவறையில் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பழைய ரிக்கார்டுக்கு நகல் மனு எப்படிப் போடவேண்டும், எந்த மேஜையில் கேட்கவேண்டும் என்பதெல்லாம் ஐயாவுக்குத் தெரியும். தெலுங்கும் கொஞ்சம் வரும் என்கிறார்.